ஆம்ப் வேலைக்கு எந்த மல்டிமீட்டர்? ட்ரூ ஆர்எம்எஸ் போதுமா, 20 கிலோஹெர்ட்ஸ் வரை காட்ட வேண்டுமா?

குடியாத்தம் சவுண்ட்:

வணக்கம். வேலை அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர். பெரும்பாலும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி வைத்த போர்டு. நடுநடுவே டிடிஏ7294, பழைய எல்ஏ4440. இப்போது டிபிஏ3116 கிளாஸ்-டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் வகை) போர்டும் நிறைய வருகிறது. கையில் இருப்பது மஞ்சள் டிடி830டி. ஏசியில் 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். டோன் கன்ட்ரோல் அவுட்டில் வைத்தால் 00.3, 00.4 என்று ஏதோ ஓடுகிறது, நம்ப முடியவில்லை.

அளக்க வேண்டியது: பயாஸ் (சிக்னல் இல்லாதபோது அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சின்ன கரண்ட்), டிசி ஆஃப்செட் (ஸ்பீக்கர் முனையில் நிற்கும் வேண்டாத டிசி), சப்ளை ரிப்பிள் (சப்ளை டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்), உண்மையான வாட்ஸ், டோன் போர்டு பாஸ்-ட்ரெபிள் எவ்வளவு ஏறுது இறங்குது, ஹம். வைகாசித் திருவிழா சமயத்தில் மைக் செட்காரர்களின் 100 வோல்ட் லைன் ஆம்ப்பும் (நீள ஒயரில் பல ஹாரன் ஓட்டும் வகை) வரும். பட்ஜெட் 4,000 ரூபாய். ட்ரூ ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தால் ஆடியோவுக்குச் சரியாக இருக்குமா? எத்தனை கவுண்ட் (மீட்டர் எண்ணும் அதிகபட்ச எண்) வேண்டும்? ஆன்லைனில் வாங்கலாமா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா?

காட்பாடி சர்க்யூட்:

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதை ஓரமாக வையுங்க தம்பி. 6000 கவுண்ட், ட்ரூ ஆர்எம்எஸ், கலர் டிஸ்பிளே எல்லாம் இருக்கட்டும். ஆடியோக்காரர் முதலில் தேட வேண்டியது மேனுவலின் பின்பக்கத்தில், ஏசி வோல்ட் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும் ஒரு வரி. எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை ஹெர்ட்ஸ் வரை என்று அதில் போட்டிருக்கும். உங்கள் பட்ஜெட்டில் வரும் மீட்டர்களில் அது பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸிலோ 1 கிலோஹெர்ட்ஸிலோ நின்றுவிடும். காசு கூடக் கொடுத்தால் தானாக ஏறும் என்றும் இல்லை. ஃப்ளூக் 101, 17பி+ இரண்டுக்கும் 500 ஹெர்ட்ஸ்தான் எல்லை. ஃப்ளூக் 117 ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர், அதற்கே 1 கிலோஹெர்ட்ஸ். அதிலும் 500-க்கு மேல் பிழை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகிவிடும். குறை சொல்லவில்லை, அவை கரண்ட் வேலைக்காரருக்காகச் செய்தவை, 50 ஹெர்ட்ஸ்தான் அவருக்கு உலகம். ஃப்ளூக் 87 ஃபைவ் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், ஆனால் அந்த விலைக்கு நீங்கள் நாலு ஆம்ப் கட்டிவிடலாம்.

ட்ரூ ஆர்எம்எஸ் என்பது அலையின் வடிவம் பற்றிய விஷயம்: அலை எந்த வடிவமானாலும் அதன் உண்மையான பயன் வோல்டைக் காட்டுவது. எத்தனை ஹெர்ட்ஸ் வரை மீட்டருக்குக் காது கேட்கும் என்பது வேறு விஷயம். ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உங்கள் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. பயாஸ், ஆஃப்செட் இரண்டும் டிசி. ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். ஹம் 50, 100. வாட்ஸை 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்தே அளக்கலாம், 1 கிலோஹெர்ட்ஸில் வரும் அதே வாட்ஸ்தான் வரும். 50-ல் மட்டும் அளக்காதீங்க, ஹம்மும் டோனும் கலந்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படுவது டோன் போர்டுக்கு மட்டும். அந்த ஒன்றுக்காக மீட்டர் தேடினால் பட்ஜெட் எகிறும். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே யாராவது சொல்வார்கள், இல்லையென்றால் நானே வருகிறேன்.

ஆகவே 4,000 ரூபாய்க்குள் தேட வேண்டியது: 6000 கவுண்ட், ட்ரூ ஆர்எம்எஸ், டிசியிலும் ஏசியிலும் தனி மில்லிவோல்ட் ரேஞ்ச், ரெல் பட்டன் (அப்போது காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குவது), ஹெர்ட்ஸ் பட்டன், 10 மெகாஓம் இன்புட். மில்லிவோல்ட் டயலில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்க. சில ஆட்டோ ரேஞ்ச் மீட்டரில் ஏசி 6 வோல்டில்தான் ஆரம்பிக்கும்.

பயாஸுக்கு ஏன் 0.1 மில்லிவோல்ட் வேண்டும் என்று ஒரு கணக்கு. 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர், 50 மில்லிஆம்ப் பயாஸ் என்றால் ரெசிஸ்டரின் குறுக்கே வருவது 11 மில்லிவோல்ட். என்பிஎன் எமிட்டரில் ஒரு ப்ரோப், பிஎன்பி எமிட்டரில் ஒரு ப்ரோப் வைத்தால் இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 22 மில்லிவோல்ட். ±(0.5% + 3) மீட்டரில் இந்த 22.0-க்கு வரும் பிழை 0.11 + 0.3, அதாவது சுமார் 0.4 மில்லிவோல்ட். பயாஸில் 1 மில்லிஆம்ப்கூட மாறாது. சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த +3 (கடைசி இலக்கத்தில் 3) சின்ன அளவில்தான் கடிக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் ஆம்ப் மீட்டர் வைத்துப் பயாஸ் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்க. ரேஞ்சுக்குள் இருக்கும் ரெசிஸ்டரில் கொஞ்சம் வோல்ட் விழும், ஒரு தடவை டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் மீட்டர் ஃபியூஸும் சேர்ந்து போகும். மில்லிவோல்டில் பார்த்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

பாலாற்று மணல்:

ட்ரூ ஆர்எம்எஸ் எங்கே பயன்படும், எங்கே படாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதா மீட்டர் ஏசியைத் திருத்தி, சராசரி எடுத்து, 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். சைன் அலைக்கு அது மிகச்சரி. சதுர அலை கொடுத்தால் 11% கூடுதலாகக் காட்டும், முக்கோண அலைக்கு சுமார் 4% குறைவாக. ஆம்ப் டெஸ்டில் நாம் கொடுப்பது சைன்தானே, அப்புறம் எதற்கு என்றால், கிளிப் ஆனதும் (அவுட் சப்ளை எல்லையை முட்டியதும்) சைன் தலை தட்டையாகிவிடும். ரிப்பிளும் சைன் அல்ல, ரம்பப் பல்.

மைக் செட் வேலையில் இன்னும் பெரிய இடம் உண்டு. பேட்டரி இன்வெர்ட்டரில் மலிவான வகை தருவது படி படியான அலை. உச்சம் 325 வோல்ட், பாதி நேரம் மட்டும் ஆன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆர்எம்எஸ் 230. சாதா மீட்டர் 162.5 × 1.11 என்று கணக்குப் போட்டு 180 காட்டும். அதைப் பார்த்துவிட்டு "இன்வெர்ட்டர் லோ வோல்டேஜ்" என்று ஸ்டெபிலைசர் போட்டவர்கள் உண்டு.

பெட்டியில் ட்ரூ ஆர்எம்எஸ் என்று அச்சடித்துவிட்டு உள்ளே சராசரி வைத்திருக்கும் மீட்டரும் சந்தையில் ஓடுகிறது. கண்டுபிடிக்க ஒரு போனும் 3.5 மில்லிமீட்டர் பின்னும் போதும். டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 200 ஹெர்ட்ஸ் சைன் வைத்து ஏசி மில்லிவோல்டில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்யூமைத் தொடாமல் சதுர அலைக்கு மாற்றுங்கள். எண் 1.41 மடங்கு ஏறினால் உண்மையான ட்ரூ ஆர்எம்எஸ். 1.57 மடங்கு ஏறினால் சராசரி மீட்டர். 300 மில்லிவோல்ட் என்றால் ஒன்று 424-க்குப் போகும், மற்றது 471-க்கு. குழப்பமே வராது.

அதே போன், அதே பின்னை வைத்து மீட்டர் எந்த ஹெர்ட்ஸ் வரை நம்பகம் என்றும் பார்த்துவிடலாம். ஈக்குவலைசர், டால்பி, பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் வேண்டாம், கம்பிதான். அவுட்டின் குறுக்கே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, 100 ஹெர்ட்ஸில் 500 மில்லிவோல்ட் வருமாறு வால்யூம் வையுங்கள். அப்புறம் 20, 50, 400, 1000, 2000, 5000, 10000, 20000 என்று மாற்றிக்கொண்டே எழுதுங்கள். 445-க்கு இறங்கினால் 1 டெசிபெல் குறைவு, 354-க்கு இறங்கினால் 3 டெசிபெல் குறைவு. போனின் அவுட் இந்த எல்லைக்குள் கிட்டத்தட்ட நேர்கோடு, ஆகவே விழுவது மீட்டர்தான். மேனுவலில் 1 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும் மீட்டர் இருக்கும், சொன்ன இடத்திலேயே சரியும் மீட்டரும் இருக்கும். கிடைத்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள், திருத்தக் கணக்காக உதவும். ஒன்று கவனம்: மில்லிவோல்ட் ரேஞ்சில் கிடைத்த வரிசை 60 வோல்ட் ரேஞ்சுக்குப் பொருந்தாது. ரேஞ்ச் மாறினால் உள்ளே வோல்டைக் குறைக்கும் அட்டெனுவேட்டரும் மாறும்.

ஆரணி ரோடு:

எல்லாம் சரிதான், ஆனால் கணக்கை ஒட்டி வைத்துத் திருத்திக்கொண்டே இருப்பது தினசரி வேலைக்கு ஒத்துவராது. கொஞ்சம் சேர்த்து வைத்து யூனி-டி யுடி61இ+ மாதிரி ஒன்றுக்குப் போகலாம். 22,000 கவுண்ட், ஏசி 10 கிலோஹெர்ட்ஸ் வரை. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், ஆனால் டோன் போர்டு ட்ரெபிளை 10 கிலோஹெர்ட்ஸில் நேரடியாகப் படிக்கலாம். அதற்கும் மேலே பிரைமென் பிஎம்869எஸ், 5 லட்சம் கவுண்ட், 100 கிலோஹெர்ட்ஸ். அது ஆசைக்கு.

கவுண்ட் அதிகமானால் லாபம் இப்படி: டிடி830டி 1999 வரை எண்ணும். 1.999 வோல்ட் வரை 1 மில்லிவோல்ட் தெரியும். 2 வோல்டைத் தாண்டினால் அடுத்த ரேஞ்ச், 10 மில்லிவோல்ட்தான் தெரியும். 6000 கவுண்டில் அதே 1 மில்லிவோல்ட் 5.999 வரை, 22,000-ல் 2.1999 வரை 0.1 மில்லிவோல்ட். ±33 வோல்ட் ரெயில் (ஆம்ப்பின் சப்ளை லைன்) பார்க்க 6000 தாராளம். ஒரே அலையில் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் 22,000 சுகம்.

காட்பாடி சர்க்யூட்:

ஆரணி ரோடு அண்ணன் சொன்ன மீட்டரில் குறை இல்லை. ஆனால் டோன் போர்டுக்கு மீட்டரே தப்பான கருவி என்பது என் கட்சி. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை கையால் 15 இடத்தில் திருப்பி எழுதி கோடு வரைவதற்குள் டீ ஆறிவிடும். கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சாதா யுஎஸ்பி சவுண்ட் கார்டு போதும், லைன் இன் இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்க. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். முதலில் சவுண்ட் கார்டின் அவுட்டை அதன் இன்னுக்கே போட்டு ஒரு தடவை அளந்து திருத்தக் கோப்பாக வைத்துக்கொள்ளணும். அப்புறம் நடுவில் டோன் போர்டை வைத்தால் சில விநாடியில் முழுக் கோடும் திரையில் வரும். பாஸ் நாபைத் திருப்பி மறுபடி அளந்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக.

ஆம்ப் அவுட்டை நேராக சவுண்ட் கார்டில் சொருகினால் கார்டு அவ்வளவுதான். 22 கிலோஓம் தொடரில், 1 கிலோஓம் கிரவுண்டுக்கு, நடுப்புள்ளியிலிருந்து லைன் இன். 23-ல் ஒரு பங்காகும். 20 வோல்ட் 0.87 வோல்டாக வரும். 1 கிலோஓமுக்குக் குறுக்கே 1என்4148 நாலு: இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து, ஒரு ஜோடியை இந்தப் பக்கமும் ஒரு ஜோடியை அந்தப் பக்கமும் திருப்பிப் போடுங்க. அலை சுமார் 1.2 வோல்ட் உச்சத்தில் அறுபடும், கார்டு பிழைக்கும். அளக்கும்போது மட்டும் அலை 0.5 வோல்டைத் தாண்டாமல் வைங்க, இல்லாவிட்டால் டையோடே டிஸ்டார்ஷன் போடும்.

ஹம் அளக்கவும் இதுதான். நல்ல ஆம்ப்பில் ஹம் 1 மில்லிவோல்டுக்குள் இருக்கும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டருக்கு ரேஞ்சின் 5 சதவீதத்துக்குக் கீழே உத்தரவாதம் கிடையாது என்று பல மேனுவலில் எழுதியே இருக்கும். 600 மில்லிவோல்ட் ரேஞ்சில் 5% என்பது 30 மில்லிவோல்ட். ப்ரோப் இரண்டையும் ஷார்ட் செய்தாலும் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டிருக்கும், அது பழுது அல்ல. மென்பொருளின் ஸ்பெக்ட்ரத்தில் 50 உயர்ந்திருந்தால் கிரவுண்ட் லூப்போ டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஓடும் இன்புட் ஒயரோ. 100, 200, 300 என்று வரிசையாக நின்றால் ஃபில்டர் கண்டன்சர் பக்கம் அல்லது சார்ஜிங் கரண்ட் ஓடும் கிரவுண்ட் கம்பியில் இன்புட் கிரவுண்டைச் சேர்த்திருப்பது. இதை எந்த மீட்டரும் பிரித்துச் சொல்லாது.

ரிப்பிள் மட்டும் மீட்டரில் அழகாகத் தெரியும். 10,000 மைக்ரோஃபாரட், 2 ஆம்ப் இழுவை என்றால் உச்சத்துக்கு உச்சம் சுமார் 2 வோல்ட், ஏசியில் 0.5, 0.6 போலக் காட்டும். 2 வோல்டே காட்டினால் ஹெர்ட்ஸ் பட்டனை அழுத்துங்க. 100 வந்தால் கண்டன்சர் வற்றிவிட்டது. 50 வந்தால் பிரிட்ஜில் ஒரு டையோடு ஓபன். மஞ்சள் மீட்டரில் இதை முயலாதீங்க, அதன் ஏசியில் டிசியைத் தடுக்கும் கண்டன்சர் இல்லை. 12 வோல்ட் பேட்டரியை ஏசி 200-ல் வைத்துப் பாருங்க: ஒரு பக்கம் 26 வோல்ட் காட்டும், ப்ரோப்பைத் திருப்பினால் பூஜ்யம்.

குடியாத்தம் சவுண்ட்:

மிக்க நன்றி அண்ணா, போன் டெஸ்ட் இன்றைக்கே செய்கிறேன். இரண்டு சந்தேகம். டிபிஏ3116 போர்டில் 24 வோல்ட் கொடுத்தால் ஸ்பீக்கர் முனையில் 12 வோல்ட் டிசி காட்டுகிறது. ஐசி போய்விட்டதா? இரண்டாவது, வாட்ஸ் அளக்க டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்கும் ரெசிஸ்டர்) எதில் செய்வது? ஸ்பீக்கரை வைத்தே அளந்தால் ஆகாதா?

பாலாற்று மணல்:

ஐசி நன்றாக இருக்கிறது. அந்த போர்டில் ஸ்பீக்கரின் எந்த முனையும் கிரவுண்ட் அல்ல, இரண்டுமே சப்ளையில் பாதியில் மிதக்கும். கறுப்பு ப்ரோப்பைக் கிரவுண்டில் வைத்ததால் 12 வந்தது. பிளஸ் முனையில் ஒன்று, மைனஸ் முனையில் ஒன்று வைத்துப் பாருங்கள், சில பத்து மில்லிவோல்டுக்குள் இருக்கும். அதுதான் உண்மையான ஆஃப்செட்.

மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுவதால் இப்படி மிதக்கும் இடத்தில் தாராளமாக வைக்கலாம். சார்ஜர் சொருகிய லேப்டாப், சவுண்ட் கார்டு வழியாக வைத்தால் கிரவுண்ட் ஒரு முனையை ஷார்ட் செய்யும், ஐசி அந்த நொடியே போகும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி, ஆம்ப் சப்ளையோடு வேறு எந்தக் கம்பியாலும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ்-டி அவுட்டில் 400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஸ்விட்சிங் மிச்சம் இருக்கும். அகல பேண்ட்விட்த் (அதிக ஹெர்ட்ஸ் வரை போகும்) மீட்டர் அதையும் சேர்த்து எண்ணிவிடும், இங்கே குறுகிய மீட்டர்தான் நல்லது. சந்தேகம் இருந்தால் 100 ஓம் தொடரில், 47 நானோஃபாரட் குறுக்கே போட்டு அதற்குப் பின்னால் அளந்துகொள்ளுங்கள். 34 கிலோஹெர்ட்ஸில் வெட்டும், 1 கிலோஹெர்ட்ஸில் எண் மாறாது.

காட்பாடி சர்க்யூட்:

ஸ்பீக்கர் வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6, 6.5 ஓம் காட்டும், அது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ். ஓடும்போது ஹெர்ட்ஸுக்கு ஹெர்ட்ஸ் மாறும். எந்த எண்ணால் வகுப்பீர்கள்?

82 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் பத்து வாங்கி எல்லாவற்றையும் பேரலலாகச் சேருங்க. 8.2 ஓம், 100 வாட். தரையில் ஓடு வைத்து அதன்மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல். 40 வாட்டில் ஒவ்வொன்றும் 4 வாட் குடிக்கும், ஒரு நிமிஷத்தில் கை வைக்க முடியாது. கட்டி முடித்ததும் அளந்தால் 8.5 காட்டலாம், அதில் 0.3 ப்ரோப் ஒயருடையது. முதலில் ப்ரோப் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ரெல் அழுத்துங்க, அப்புறம் அளங்க. 0.3-ஐக் கழிக்காமல் விட்டால் வாட்ஸில் 4 சதவீதம் போய்விடும்.

செய்முறை: முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்க. பளிச்சென்று ஒரு தடவை மின்னி மங்கினால் சரி, முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைங்க, உள்ளே ஷார்ட். லோட் இல்லாமல் அவுட்டில் டிசி பாருங்க. 20 மில்லிவோல்டுக்குள் அருமை, 50 வரை ஓகே, 100 தாண்டினால் இன்புட் ஜோடி டிரான்சிஸ்டரையும் ஃபீட்பேக் கண்டன்சரையும் பாருங்க. 30 வோல்ட் நின்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கு. அந்த 30 வோல்ட் 6.5 ஓம் காயிலில் 138 வாட் சூடாகும், ஸ்பீக்கர் புகைந்துவிடும். ஆஃப்செட் சரியான பிறகு பல்பை எடுத்துவிட்டு பயாஸ். வைத்துவிட்டு உடனே மூடாதீங்க, ஹீட்சிங்க் சூடாகி பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்க, ஏறியிருக்கும்.

அப்புறம் லோட் மாட்டி 200 ஹெர்ட்ஸ். இன்புட்டை 0.2, 0.4, 0.6 என்று ஏற்றினால் அவுட் 6, 12, 18 என்று படியாக ஏறணும். 0.7-க்கு 21 வர வேண்டிய இடத்தில் 19.6 வந்தால் கிளிப் ஆரம்பித்துவிட்டது, ஸ்கோப் தேவையில்லை. கிளிப்புக்கு முந்தின எண் 18.1 என்றால் 18.1 × 18.1 ÷ 8.2 = 40 வாட். 24-0-24 டிரான்ஸ்பார்மரில் அவ்வளவுதான் வரும். பெட்டியில் 300 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டுவது உங்களுக்கும் கஸ்டமருக்கும் உள்ள விவகாரம்.

மூடுவதற்கு முன்னால் ஃபில்டர் கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்யுங்க. 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால் உள்ளே 12.5 ஜூல். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு ரெயிலுக்கும் 5 விநாடி, பிறகு மீட்டரில் உறுதி செய்யுங்க.

மைக்செட் மச்சான்:

100 வோல்ட் லைன்னு கேட்டாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லல. இன்னா மீட்டர் வெச்சாலும் ஓம்ஸ்ல லைனைப் பாத்து "லோட் சரி"ன்னு சொல்லாதீங்க. ஓம்ஸ்ல தெரியறது லைன் டிரான்ஸ்பார்மரோட கம்பி மட்டும்தான், ஆம்ப் பாக்கறது வேற.

கணக்கு எளிது. ஹாரன் ஒண்ணு 15 வாட் டேப் (ஹாரன் டிரான்ஸ்பார்மர்ல வாட்ஸைத் தேர்ந்தெடுக்கற முனை), எட்டு ஹாரன், மொத்தம் 120 வாட். 100 × 100 ÷ 120 = 83 ஓம். 250 வாட் ஆம்புக்கு 40 ஓமுக்குக் கீழ போகக்கூடாது. மெய்யா எவ்வளவு இருக்குன்னு பாக்க: பெரிய ஆம்பைக் கழட்டிட்டு, சின்ன ஆம்புலர்ந்து 1 கிலோஹெர்ட்ஸ் டோன், நடுவுல 100 ஓம் 5 வாட் சீரிஸ்ல, ரெசிஸ்டர் குறுக்க எப்பவும் 2 வோல்ட் நிக்கற மாதிரி வால்யூம் வெச்சுக்கோங்க. ரெசிஸ்டர் குறுக்க 2 வோல்ட், லைன் குறுக்க 1.65 வோல்ட் வந்தா 1.65 ÷ 2 × 100 = 82 ஓம், சரியா இருக்கு. லைன்ல 0.6 வோல்ட்தான் வந்தா 30 ஓம், எங்கியோ ஒரு ஹாரன் ஷார்ட், இல்ல யாரோ டேப்பை மாத்தி வெச்சிருக்காங்க. ஹாரனை ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்க, எதைக் கழட்டினா எண்ணு எகிறுதோ அதுதான். 400, 500 ஹெர்ட்ஸ் மீட்டர் வெச்சிருந்தா டோனை 400-க்கு எறக்கிக்கோங்க.

ஃபுல் சவுண்ட்ல லைன்ல 100 வோல்ட் ஓடுது, கரண்ட் ஷாக்கேதான். மழை பெஞ்ச மைதானத்துல ப்ரோப் முனையை வெரலால தொடாதீங்க. தோல் கிழிஞ்ச ஒயர் ப்ரோப்பைத் தூக்கிப் போடுங்க.

ஆரணி ரோடு:

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் அரசினர் தோட்டம், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். நேரில் வாங்குவதில் லாபம், போனையும் பின்னையும் எடுத்துக்கொண்டு போய் கவுண்டரிலேயே மேலே சொன்ன இரண்டு டெஸ்டையும் செய்துவிடலாம். கூடவே கண்டினியூட்டி பீப், ப்ரோப் தொட்டதும் வர வேண்டும். அரை நொடி யோசித்து வரும் மீட்டர் ஒயர் தேடும் வேலைக்கு எரிச்சல். ப்ரோப் ஒயரைக் கழுத்துப் பக்கம் மடக்கி ஆட்டிக்கொண்டே பீப் அறுகிறதா பாருங்க.

பின்மூடியைத் திறக்க விட்டால் ஃபியூஸைப் பாருங்க. உள்ளே கம்பி தெரியும் கண்ணாடிக் குழாய் என்றால் முகப்பில் சிஏடி-3 600 வோல்ட் (பாதுகாப்புத் தரம்) என்று அச்சடித்திருந்தாலும் மெயின்ஸ் பேனலில் வைக்காதீங்க. மணல் அடைத்த வெள்ளை செராமிக் ஃபியூஸ் நல்ல அடையாளம். மஞ்சள் டிடி830டியில் 10 ஆம்ப் சாக்கெட்டுக்கு ஃபியூஸே கிடையாது. சிவப்பு ப்ரோப்பை அதில் மறந்துவிட்டு 230 வோல்டில் வைத்தால் நேரடி ஷார்ட்.

நம்ம ஊருக்கே உரிய ஒன்று. மேனுவலில் போட்டிருக்கும் துல்லியம் 18 முதல் 28 டிகிரிக்குத்தான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்தத் துல்லியத்தின் பத்தில் ஒரு பங்கு பிழை கூடும் என்று பல மீட்டரில் எழுதியிருக்கும். கத்திரி வெயிலில் சிமென்ட் ஷீட் கடைக்குள் 40 டிகிரி என்றால் 12 டிகிரி அதிகம், 0.5% மீட்டர் 1.1% ஆகிவிடும். ரெயில் வோல்டேஜுக்கு ஒன்றும் ஆகாது. டிரான்சிஸ்டர் ஜோடி சேர்க்கும் வேலையைக் காலையில் முடித்துவிடுங்க.

குடியாத்தம் சவுண்ட்:

அப்படியானால் 6000 கவுண்ட் ட்ரூ ஆர்எம்எஸ் ஒன்று, சவுண்ட் கார்டு ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன். மஞ்சள் மீட்டரை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

காட்பாடி சர்க்யூட்:

கொடுக்காதீங்க. டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் அதுவும் 0.1 மில்லிவோல்ட் காட்டும், பயாஸுக்கு இன்றைக்கும் செல்லும். ஒரு மீட்டர் பயாஸில், இன்னொன்று ஆஃப்செட்டில் என்று இரண்டையும் மாட்டி வைத்துவிட்டு ப்ரீசெட்டைத் திருப்புவது தனி சௌகரியம். அதன் இன்புட் 1 மெகாஓம்தான் என்பதை மட்டும் மறக்காதீங்க. இரண்டு 470 கிலோஓம் பிரிக்கும் நடுப்புள்ளியில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் எல்லா வோல்டேஜையும் கூட்டிக் காட்டும். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் திடீரென்று 27 கொடுத்தால் டிரான்ஸ்பார்மரைச் சந்தேகிக்கும் முன்னால் பேட்டரியை மாற்றுங்க.